டின்னைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு மினி மார்க்கெட்டில் 16 வருஷமாகக் கவுண்டரில் வேலை செய்கிறேன். எல்பில், ஹீவுட், டோவன்பி என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சம்பளம் போட்ட வாரத்தில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு மாதச் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து விலை அடிப்பது நான்தான். எந்த வீட்டில் எந்த மாவு, எந்த டின் பால், மாதத்துக்கு எத்தனை பாக்கெட் மீ (நூடுல்ஸ்) என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தச் சாமான்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்கியவர்கள் மிகக் குறைவு. நானும் பார்த்ததில்லை. 2018இல் என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இனிப்புநீர் என்று சொன்ன அன்றைக்கே சீனி டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன். டீயில் ஒரு கரண்டி சீனிகூடக் கிடையாது. மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு இறங்கவே இல்லை. வெளியில் திருட்டுத்தனமாக ஏதோ சாப்பிடுகிறார் என்று நினைத்து அவரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கிளினிக்கில் சத்துணவு பற்றிச் சொல்லித்தரும் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். “அக்கா, அடுத்த தடவை வரும்போது வீட்டில் தினமும் எடுக்கிற டின், பாக்கெட், பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாங்க” என்றார். கொண்டுபோனேன். பையிலிருந்து முதலில் பால் டின்னை எடுத்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்து என்னைப் படிக்கச் சொன்னார். ‘ஜும்லா குலா, 100 கிராமுக்கு 51 கிராம்’ என்று மலாயில் இருந்தது. ஜும்லா குலா என்றால் மொத்தச் சீனி. அதாவது டின்னில் பாதிக்கு மேல் சீனி.

பிறகு, வீட்டில் போடுவதுபோல டீக்கு எடுக்கச் சொன்னார். மேசையில் இருந்த சின்னத் தராசில் கிண்ணத்தை வைத்து, எப்போதும்போல் இரண்டு பெரிய கரண்டி வழியவிட்டேன். 40 கிராம் காட்டியது. அதில் சீனி மட்டும் 20 கிராம். ஒரு சின்னத் தேக்கரண்டியில் 5 கிராம் சீனி பிடிக்கும் என்று வைத்தால் ஒரு கிளாஸ் டீயில் நான்கு கரண்டி. அவர் ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடிப்பவர். ஆகப் பன்னிரண்டு கரண்டி, 60 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஆளுக்குச் சேர்க்கப்பட்ட சீனி மொத்தமே 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சீனி டப்பாவை மேலே ஏற்றிய வீட்டில், டீ வழியாக மட்டுமே அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் ‘பால்’ என்று சொல்லி வாங்கியது பாலே இல்லை. டின்னில் ‘கிரிமர் மானிஸ்’, இனிப்புக் கிரிமர், என்று எழுதியிருந்தது. உள்ளே சீனியும் செம்பனை எண்ணெயும் (பாமாயில்) கொஞ்சம் பால்பொடியும்தான் பெரும்பகுதி. ‘சூசூ பெகாட் மானிஸ்’ என்று இருந்தால் அது பாலிலிருந்து செய்தது, ஆனால் அதிலும் சீனி ஏறக்குறைய அதே அளவுதான். ‘சூசூ’ (பால்) என்ற சொல் இருக்கிறதா, ‘கிரிமர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சூசூ செஜாட்’ (நீர் வற்றவைத்த பால்) வேறு, ‘கிரிமர் செஜாட்’ வேறு. இரண்டு டின்னும் ஒரே தட்டில், ஒரே மாதிரிப் படத்தோடு, அருகருகே நிற்கும். குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் எங்கள் டின்னில் பொடி எழுத்தில் இருந்தது. என் மாமியார் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் டின் பாலைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பெயரன் பேத்தி இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு இத்தனை அக்கறை வரக் காரணம் எங்கள் வீடு மட்டும் அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். கவுண்டரில் நிற்கும் எனக்கு இது கண்ணால் பார்க்கும் சங்கதி. டயாலிசிஸ் முடித்துவிட்டு, கையில் கட்டோடு சாமான் வாங்க வருபவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

சரி, எப்படிப் படிப்பது?

பாக்கெட்டில் இரண்டு இடம் பார்த்தால் போதும். ஒன்று ‘ரமுவான்’ அல்லது ‘பஹான்-பஹான்’ என்று தொடங்கும் வரி, அதாவது உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்ற பட்டியல். இன்னொன்று ‘மக்லுமாட் பெமகானான்’ என்ற கட்டம், அதாவது சத்து விவரம். மற்ற எழுத்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ரமுவான். 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். அடுத்தது அதைவிடக் குறைவு. அப்படியே இறங்கிக்கொண்டு போகும். இந்த ஒரு விதி தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. மூன்று-இன்-ஒன் கோப்பிப் பாக்கெட்டை எடுங்கள். பெரும்பாலும் முதல் சொல் ‘குலா’, சீனி. இரண்டாவது கிரிமர். கோப்பி மூன்றாவதாகத்தான் வரும். கோப்பி என்ற பெயரில் விற்றாலும் நீங்கள் காசு கொடுப்பது சீனிக்கும் கிரிமருக்கும். சாதாரணக் கோப்பித் தூளிலும் இதைப் பாருங்கள். சிலவற்றில் கோப்பிக் கொட்டை மட்டும்தான் இருக்கும். சிலவற்றில் வறுக்கும்போது சேர்த்த சீனி, மார்ஜரின், சோளம் எல்லாம் வரிசையாக இருக்கும்.

போன வாரம் ஒரு பிஸ்கட் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தேன். முன்பக்கம் முழுக்க ஓட்ஸ் கதிர் படம், பச்சை நிறம், ஒரு கிண்ணம் பால். பின்னால் கோதுமை மாவு, தாவரக் கொழுப்பு, சீனி, நான்காவதாக ஓட்ஸ். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 6 விழுக்காடு. நூறு கிராம் பிஸ்கட்டில் ஆறு கிராம் ஓட்ஸ். இதுபோலத்தான் ரொட்டியும். நிறம் பழுப்பாக இருப்பதை நம்பி ‘முழுக்கோதுமை’ என்று வாங்குகிறோம். பட்டியலில் முதல் சொல் ‘தெப்போங் மில் பெனோ’ என்று இருந்தால்தான் முழுக்கோதுமை மாவு முதன்மை. ‘தெப்போங் கண்டும்’ என்று மட்டும் இருந்தால் அது வெள்ளை மாவு, பழுப்பு வேறு எதிலிருந்தோ வருகிறது.

சீனிக்கு ஒரு பெயர் மட்டும் இல்லை. குலா, சுக்ரோசா, குளுகோசா, ஃபுருக்தோசா, டெக்ஸ்துரோசா, சிராப் குளுகோசா, சிராப் ஜாகுங், மாடு (தேன்), பழச்சாற்றுப் பாகு எல்லாமே சீனி வகைதான். மால்தோடெக்ஸ்திரின் என்று ஒன்று இருக்கிறது. அது கட்டத்தில் சீனிக் கணக்கில் பெரிதாக வராது, ஆனால் ரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றும். ஒரே பொருளில் இப்படி மூன்று நான்கு பெயர்கள் சிதறிக் கிடந்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் பட்டியலின் கீழே இருப்பதுபோல் தோன்றும். எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டிப் பாருங்கள், மேலே வந்துவிடும்.

அடுத்து கட்டம். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எண்கள் இரண்டு வரிசையில் இருக்கும். ஒன்று ‘செதியாப் 100 கிராம்’ (பானமாக இருந்தால் 100 மில்லி), மற்றது ‘செதியாப் ஹிடாங்கான்’, ஒரு தடவை பரிமாறும் அளவு. அந்தப் பரிமாறும் அளவை முடிவு செய்வது கம்பெனி. உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட்டில் ஒரு ஹிடாங்கான் 20 கிராம் என்று போட்டு எண்களைச் சின்னதாகக் காட்டுவார்கள். பிள்ளைகள் 20 கிராமோடு கையை எடுக்கின்றனவா? முழுப் பாக்கெட்டும் காலி. ஆகவே இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது எப்போதும் 100 கிராம் வரிசையை மட்டும் பாருங்கள். அப்போதுதான் ஒரே அளவுகோல். நம் வீட்டில் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கணக்குப் போடும்போது மட்டும், உண்மையில் தட்டில் விழும் எடையால் பெருக்கிக்கொள்ளுங்கள். நான் அந்த 40 கிராமைக் கண்டுபிடித்தது அப்படித்தான். சமையலறைத் தராசு ஒன்று 20 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் கண்ணே சொல்லிவிடும்.

பானங்களுக்கு ஓர் எண்ணை நினைவில் வையுங்கள்: 100 மில்லிக்கு 5 கிராம். 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்பு பானங்களுக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. அப்புறம் அதை இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள். அந்த வரி வந்த பிறகு எங்கள் குளிர்பெட்டியில் 4.9, 4.8 என்று எழுதிய பாட்டில்கள் கூடிவிட்டன. குறைந்தது நல்லதுதான். ஆனால் 4.9 என்றாலும் 500 மில்லி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தால் 24 கிராமுக்கு மேல், ஐந்து கரண்டி சீனி. வெயிலில் குலை ஏற்றிவிட்டு வருபவர்கள் இரண்டு பாட்டில் குடிப்பதைப் பார்க்கிறேன். அவர்களிடம் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து எடுக்கச் சொல்வேன். தாகம் முதலில் தண்ணீரில் அடங்கட்டும், பிறகு வேண்டுமானால் மற்றது.

இங்கே ஒரு விஷயம் குழப்பும். எதுவும் சேர்க்காத பசும்பாலின் பெட்டியிலும் 100 மில்லிக்கு 5 கிராம் பக்கம் சீனி காட்டும். பயப்படாதீர்கள். அது பாலிலேயே உள்ள லாக்டோஸ். ரமுவான் வரியில் ‘சூசூ’ மட்டும் இருந்து, ‘குலா’ இல்லையென்றால் யாரும் சீனி போடவில்லை என்று அர்த்தம். கட்டத்தையும் பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வந்த புதிதில் ஒரு பாக்கெட்டைக் காட்டி, “அக்கா, பிஸ்கட்டில் எதற்குக் காரம் போடுகிறார்கள்?” என்று கேட்டார். மலாயில் ‘காராம்’ என்றால் உப்பு. வெளியூரிலிருந்து வந்து படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டத்தில் காராம் என்று இருக்காது, ‘நாத்ரியம்’ என்று இருக்கும். அது சோடியம், மில்லிகிராமில் எழுதியிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, இருக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இப்போது ஒரு மீ பாக்கெட்டை எடுப்போம். என் கையில் இருந்ததில் ஒரு பாக்கெட்டுக்கு 1,320 மில்லிகிராம் நாத்ரியம். உப்பாகக் கணக்குப் போட்டால் 3.3 கிராம். ஒரு நாளைய உப்பில் மூன்றில் இரண்டு பங்கு, ராத்திரி பத்து மணிக்கு ஒரு கிண்ணத்தில். அதோடு முட்டை, கொஞ்சம் கிச்சாப் (சோயா சாஸ்) என்று ஊற்றினால்? கிச்சாப் மாசின் ஒரு மேசைக்கரண்டியில் 800 மில்லிகிராமுக்கு மேல் உள்ள பாட்டில்களைப் பார்த்திருக்கிறேன். மீ சாப்பிடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி வேலை முடிந்து வரும் பிள்ளைக்கு அதுதான் கைக்கு எட்டும் சாப்பாடு. ஆனால் கூடவே வரும் மசாலைப் பொடியில் பாதியை மட்டும் போடுங்கள், மீதியை வீசிவிடுங்கள். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், ஒரு பிடி சாவி கீரை போட்டால் ருசி குறையாது. எங்கள் வீட்டில் இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. இப்போது முழுப் பொடி போட்டால் பெரியவனே உப்புக் கரிக்கிறது என்கிறான்.

சார்டின் டின்னும் அப்படித்தான். ஒரே அலமாரியில், விலையில் பத்து இருபது சென் வித்தியாசத்தில், ஒன்றில் 100 கிராமுக்கு 190 மில்லிகிராம் நாத்ரியம், இன்னொன்றில் 310 என்று பார்த்தேன். இரண்டும் தக்காளிச் சாற்றில் ஊறிய அதே மீன். சம்பலுக்கு எடுக்கும்போது உப்பைப் போட்டுவிட்டு ருசி பார்க்காதீர்கள். முதலில் சாற்றோடு வதக்கி, ருசி பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. பட்டியலில் மோனோநாத்ரியம் குளூட்டமாட் என்று இருந்தால் அதுவும் சோடியத்தைச் சேர்ந்ததுதான், கட்டத்தில் உள்ள எண்ணில் அதுவும் அடங்கியிருக்கும்.

மசாலை வாங்கும்போது ‘செர்புக் காரி’யையும் ‘பெரெஞ்சா காரி’யையும் மாற்றி எடுத்துவிடுகிறார்கள். செர்புக் என்றால் பொடி. நல்ல மசாலைப் பொடியில் மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், மஞ்சள் இவ்வளவுதான் இருக்கும், உப்பு இருக்காது. பெரெஞ்சா என்பது தயார்க் கலவை. அதில் எண்ணெய், உப்பு, சீனி, ருசியூட்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கும். வேலை மிச்சம் என்று அதை எடுத்துவந்து, பழக்கத்தில் குழம்புக்கு வேறு உப்புப் போட்டால் இரட்டைப் பங்கு உப்பு. பொடிதான் விலையும் குறைவு.

சத்தான சாமான் என்றாலே விலை அதிகம் என்று நம் ஜனங்கள் பயப்படுகிறார்கள். ஆர்கானிக் அலமாரியைப் பார்த்துவிட்டு, அது நமக்கில்லை என்று போய்விடுகிறார்கள். லேபிள் படிப்பதற்கு அந்த அலமாரி தேவையே இல்லை. ஒரே விலையில் இருக்கும் இரண்டு பாக்கெட்டில் எது மேல் என்று பார்ப்பதற்குத்தான் இது. சின்னச் சின்னப் பாக்கெட்டில் வரும் இனிப்பு ஓட்ஸைவிட, பெரிய பாக்கெட் வெறும் ஓட்ஸ் கிலோவுக்கு நல்ல மலிவு. மசாலைப் பொடியும் அப்படித்தான். ஒன்றில் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: கிரிமரை விட்டுப் பால்பொடிக்கு மாறியபோது எங்களுக்குச் செலவு கூடியது. அதை, பெட்டிப் பெட்டியாக வாங்கிய குளிர்பானத்தை நிறுத்திச் சரிக்கட்டினோம்.

எண்ணெய்க் கதை நம் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறது. காலையில் அவர் ஏற்றிக்கொண்டு போகும் குலை மில்லுக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, கடைசியில் எங்கள் கடைக்கு ‘மின்யாக் சாயுரான்’ (தாவர எண்ணெய்), ‘லெமாக் சாயுரான்’ (தாவரக் கொழுப்பு), ‘ஓலின் சாவிட்’ (செம்பனை ஓலின்) என்ற பெயர்களில் திரும்பி வருகிறது. பிஸ்கட், சாக்லேட், கிரிமர், மீ, மார்ஜரின் எல்லாவற்றிலும் அதுதான். செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, நிறைவுற்ற கொழுப்பு. கட்டத்தில் ‘லெமாக் தெப்பு’ என்று எழுதியிருப்பார்கள், இதயத்துக்கு அதிகமாக ஆகாதது. 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் மானிய எண்ணெய்ப் பையைத்தான் நானும் வாங்குகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சட்டியில் ஊற்றும் எண்ணெய் நம் கண்ணுக்குத் தெரியும், குறைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதை எண்ணில் பார்க்க வேண்டும். ‘தெர்ஹிட்ரோஜன் செபாரா’ என்ற சொல் எண்ணெயின் பக்கத்தில் இருந்தால் அந்தப் பொருளை அப்படியே வைத்துவிடுங்கள். பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய் அது, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு பெரும்பாலும் வருவது அதிலிருந்துதான். எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருக்காது என்று சொல்லுங்கள்.

முன்பக்க வாசகங்கள் முழுப் பொய் இல்லை, ஆனால் அளந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ‘தியாடா குலா தம்பாஹான்’ என்றால் சீனி சேர்க்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பழச்சாற்றில் பழத்தின் சீனி அப்படியே இருக்கும். குறைக்கப்பட்டது என்று போட, ஒப்பிடும் பொருளைவிடக் குறைந்தது 25 விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் இருந்தது மலையளவு என்றால், கால் பங்கு குறைத்தாலும் மீதி நிறையத்தான். 2017இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்த ‘பிலிஹான் லெபிஹ் சிஹாட்’ (கூடுதல் ஆரோக்கியமான தேர்வு) முத்திரை உபயோகமானது. அவசரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து எடுக்கலாம். ஆனால் அது ஒரே வகைக்குள் ஒப்பிட்டுக் கொடுப்பது. இனிப்பு பானத்தில் முத்திரை இருந்தால், மற்ற இனிப்பு பானங்களைவிட மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீருக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனிப்புநீர் உள்ளவர்கள் சீனி வரியோடு நிற்கக் கூடாது, அதற்கு மேலே இருக்கும் ‘கார்போஹிட்ராட்’ வரியையும் படிக்க வேண்டும். மாவுச்சத்தும் ரத்தத்தில் சீனியாகத்தான் மாறும். கிளினிக்கில் 15 கிராமை ஒரு பங்கு என்று கணக்கு வைக்கச் சொல்லித்தந்தார்கள். ஒரு துண்டு ரொட்டி ஏறக்குறைய ஒரு பங்கு. சீனி இல்லாத பிஸ்கட் என்று ஒரு பாக்கெட்டை மகள் ஆசையாக அப்பாவுக்கு வாங்கிவந்தாள். சீனி 0 என்றுதான் இருந்தது, ஆனால் மூன்று பிஸ்கட்டுக்கு 21 கிராம் கார்போஹிட்ராட். சீனி இல்லையே என்று எட்டு சாப்பிட்டால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்ட கணக்கு. இப்போது அவர் அதில் இரண்டு எடுத்துக்கொள்கிறார், அன்றைக்கு ரொட்டி கிடையாது.

மாட்டிறைச்சி விலக்கும் வீடுகளுக்கு ஒன்று. மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து எடுத்ததோ சேர்ந்திருந்தால் லேபிளில் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில தயிர் வகைகளில் ‘ஜெலாட்டின்’ இருக்கும். பக்கத்தில் ‘லெம்பு’, அதாவது மாடு, என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பிறந்தநாள் பைகளில் போட மொத்தமாக வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம்.

சிறுநீரக நோயாளிகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் உப்புக்குப் பதிலாகக் ‘காலியம் குளோரிடா’, பொட்டாசியம் உப்பு, கலந்திருக்கும். ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது உதவும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. டயாலிசிஸ் செய்பவர் வீட்டுக்கு நல்லது என்று நினைத்து இதை வாங்கிக்கொடுக்காதீர்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தாரிக் லுபுட், காலாவதித் தேதி, எல்லோரும் பார்ப்பதுதான். நாள் முதலில், மாதம் இரண்டாவது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தள்ளுபடிக் கூடையில் இருப்பதை வாங்கினால், தேதிக்குள் தீர்க்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் கிரிமரை நிறுத்தி, பால்பொடியில் டீ கலக்கி, மீயின் பொடியைப் பாதியாக்கி, குளிர்பானத்தை விட்ட பிறகு, அடுத்த பரிசோதனையில் ரத்தத்தில் மூன்று மாதச் சீனிக் கணக்கு (HbA1c) 9.1இலிருந்து 7.9க்கு இறங்கியது. மாத்திரையில் மாற்றம் இல்லை, சாயங்காலம் கொஞ்சம் நடக்கவும் ஆரம்பித்திருந்தார். இன்னும் இறங்க வேண்டும். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் படிக்கப் பார்க்காதீர்கள், சலித்துவிடும். வருஷத்துக்கு இரண்டு தடவை வாங்கும் தீபாவளி டின் பிஸ்கட்டை விட்டுவிடுங்கள். தினமும் வாயில் போவது எது என்று யோசியுங்கள். டீயில் ஊற்றுவது, காலையில் கடிப்பது, பிள்ளை பள்ளிக்குக் கொண்டுபோவது. இந்த மூன்றை மட்டும் இந்த மாதம் திருப்பிப் பாருங்கள். கடையில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிராண்டையும் எடுத்து, 100 கிராம் வரிசையை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்துப் பொடியாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும். நானே கண்ணாடி போட்டுக்கொண்டும் அப்படித்தான் படிக்கிறேன். மலாய் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கவுண்டரில் இருப்பவரிடம் கொடுத்துக் கேட்கலாம், அதற்குக் கூச்சப்பட வேண்டாம். சம்பள வாரத்தில் மட்டும் வேண்டாம், பின்னால் வரிசை நிற்கும். மற்ற வாரங்களில் செவ்வாய், புதன் காலையில் வாருங்கள், ஒவ்வொரு டின்னாக உட்கார்ந்து படித்துச் சொல்ல எனக்கு நேரம் இருக்கும்.